ரப்பர் கைக்குள் ஓடியது

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் செய்முறை வகுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். எல்லாருடைய மேலங்கியும் துவைத்துத் தேய்க்கப்பட்டிருந்தது. மாதேஷ் என்பவனுடைய அங்கியில் மட்டும் மேல் பொத்தான் இல்லை. அதை அவனிடம் சொன்னேன். வகுப்பு தொடங்கிச் சற்று நேரத்தில், கலைமணி என்ற மாணவி, பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கைகளாலும் மூடி போட்டாள். ஊசி மூடிக்குள் போகாமல், கையுறையைத் துளைத்து, அவளுடைய இடது ஆள்காட்டி விரலுக்குள் போயிற்று. நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். பார்த்தேன்.

காவல் ஆய்வாளர் அவர்களே, உங்கள் எழுத்தர் நேற்றுத் தட்டச்சு செய்த பக்கங்களை வாசித்தேன். பல வாக்கியங்களில் வினையைச் செய்தவர் இல்லை. 'ஊசி குத்தப்பட்டது', 'தகவல் தெரிவிக்கப்படவில்லை' என்று இருக்கிறது. யார் செய்தார், யார் செய்யவில்லை என்பது தெரியவில்லை. அதன் விளைவாகத்தான் எங்கள் செய்முறைக் கூடப் பொறுப்பாளர் பிரபாகரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் நல்லவர், ஆனால் இத்தகைய ஒரு காரியத்தைத் திட்டமிட்டுச் செய்ய அவரிடம் ஒழுங்கு போதாது. ஆகவே நானே என் கையால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் செல்வமேரி. சேலத்தில் பிறந்தவள், வயது எழுபத்தொன்று, திருமணம் செய்துகொள்ளவில்லை. அரசு மருத்துவமனையின் குருதி வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். அதன்பின், நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி செல்லும் சாலையில் இருக்கும் எங்கள் ஆய்வக நுட்புநர் பயிற்சி நிலையத்துக்கு முதல்வரானேன். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குபவர்களின் பிள்ளைகளும், லாரி ஓட்டுநர்களின் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு எங்களிடம் வருகிறார்கள். இரத்தம் எடுக்கவும், அதைச் சோதிக்கவும், கண்டதைக் கண்டபடி எழுதவும் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம். எங்களிடம் படித்தவர்கள் இல்லாத மருத்துவமனை இந்த இரண்டு மாவட்டங்களிலும் குறைவு.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதை அப்படியே தடித்த பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். புதிதாக வருபவர்கள் இந்த விதியை மீறுவதில்லை. ஊசியைக் கண்டு அஞ்சுவார்கள். கை பழகியவர்கள்தாம் மீறுகிறார்கள். பேனாவுக்கு மூடி போடுவதைப் போலக் கை தானாகப் போய்விடுகிறது. கலைமணிக்குக் கை பழகியிருந்தது. அந்தப் பதினோரு பேரில் அவளுடைய கையே நல்ல கை. இதை நான் மறைக்க வேண்டியதில்லை.

ஊசி குத்திவிட்டால் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பது இரண்டாம் விதி. இவ்விரண்டும் எல்லா ஊரிலும் உள்ளவை. மூன்றாவது என்னுடையது. குத்திக்கொண்டவர் இரண்டு வாரம் ஊசியைத் தொடக் கூடாது. பிறர் செய்வதைக் கைகட்டி நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வெளி மருத்துவமனைப் பயிற்சிக்கு அவரை அனுப்ப மாட்டோம். பள்ளிபாளையத்தில் உள்ள ஒரு மருத்துவமனை ஆண்டுதோறும் எங்களிடமிருந்து ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, பயிற்சி முடிந்ததும் வேலையும் தருகிறது. அந்த இடம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று கலைமணி இரண்டு ஆண்டுகளாக உழைத்தாள். தகப்பன் இல்லாத பெண். தாய் சின்னாயி பண்ணை வேலைக்குப் போகிறவர். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பெயரை அறிவிப்பதாகச் சொல்லியிருந்தேன்.

இனி ரப்பர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோள் முதல் விரல் வரை மனிதக் கை போலவே ரப்பரில் செய்த பொருள் அது. உள்ளே நரம்புகள் போல மெல்லிய குழாய்கள் ஓடும். பக்கத்தில் ஒரு கம்பியில் பையைத் தொங்கவிட்டு, சிவப்புச் சாயம் கலந்த நீரை அதிலிருந்து குழாய்களுக்குள் இறக்குவோம். நரம்பில் சரியாக ஊசி ஏறினால் சிரிஞ்சில் சிவப்பு வரும். மாணவர்கள் அதற்கு 'ரப்பர் மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அந்தப் பெயரை ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் சொல்வது என் காதில் விழும்.

"மாமா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இந்தப் புள்ள இப்பத்தான் பழகுது" என்பான் மாதேஷ்.

"நீ குத்துறப்பத்தான் மாமாவுக்குக் காய்ச்சலே வருது. அக்கட்டால போ" என்பாள் கலைமணி.

அன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் இரத்தம் எடுத்த மாதேஷ் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க மேடம், மாமாவுக்கு இன்னைக்கு ரத்தம் கெட்டியா இருக்குது? கெடா விருந்துக்குப் போயிட்டு வந்துட்டாருங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சைக் குறைக்கச் சொன்னேன். அடுத்தவள் கலைமணி.

ஊசி ஏறியதும் அவள் ஒலி எழுப்பவில்லை. கையுறையைக் கழற்றினாள். விரல் நுனியில் ஒரு சொட்டு நின்றது. கட்டைவிரலால் அதை அழுத்தி மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, நான் இருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய் நெடுநேரம் கழுவினாள். இரண்டாம் விதியின் முதற்பாதியை அவள் சரியாகவே செய்தாள்.

வகுப்பு முடியும்போது நான் பொதுவாகக் கேட்டேன்: "இன்று யாருக்காவது என்னிடம் ஏதேனும் சொல்ல வேண்டியிருக்கிறதா?"

"மாமாவுக்குப் பசிக்குதாமுங்க மேடம்" என்றான் மாதேஷ்.

மற்றவர்களோடு சேர்ந்து கலைமணியும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அவர்கள் போனபின் நான் கூடத்தைப் பூட்டிக்கொண்டு, ரப்பர் கையை மருந்துநீர் விட்டு நானே கழுவினேன். வழக்கமாக அது பிரபாகரின் வேலை. அன்று மட்டும் என் வேலை.

ஏனென்றால் அன்று அதற்குள் ஓடியது சாயம் அல்ல.

அந்த இரத்தம் எங்கிருந்து வந்தது என்னும் உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான். நகரத்தில் ஒரு தனியார் குருதி வங்கிக்கு நான் மதிப்புறு ஆலோசகர். கொடையாளர்கள் கொடுக்கும் இரத்தத்தைச் சோதித்து, நோய்க்கிருமி இருப்பதாகத் தெரிந்தால் அந்தப் பையை ஒதுக்கிவிடுவார்கள். அதை உயர்ந்த வெப்பத்தில் அழித்துவிட வேண்டும். அழிப்பதை மேற்பார்வையிடும் பொறுப்பு எனக்கு உண்டு. அவற்றிலிருந்து ஹெப்பாட்டிட்டிஸ் பி கிருமி உள்ள ஒரு பையை நான் எடுத்து வந்தேன். ஈரலைத் தின்னும் கிருமி அது. ஊசி வழியாக மிக எளிதில் பரவக்கூடியது. பையின் மேல் இருந்த சீட்டை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தேன். குருதி வங்கியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது; அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இதை நான் முதன்முறையாகச் செய்யவில்லை. முந்தைய மூன்று மாணவர் அணிகளுக்கும், ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு வகுப்பில் செய்திருக்கிறேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். காரணத்தைக் கேளுங்கள்.

எங்கள் முதல் அணியில் லிடியா என்று ஒரு பெண் படித்தாள். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவள். கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். ஓமலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களிலேயே அவளுக்கு ஊசி குத்தியது. யாரிடமும் சொல்லவில்லை. நோய் முற்றியபின் நான் போய்ப் பார்த்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வகுப்புல எத்தனையோ தடவ குத்தியிருக்கு மேடம். ஒண்ணும் ஆகலையே" என்றாள். அவளை நல்லடக்கம் செய்துவிட்டு வந்து அந்த ரப்பர் கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்தினால் ஒன்றும் ஆகாது என்னும் பொய்யை ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அதற்குள் சாயத்தை ஊற்றியது நாங்கள்.

பொய்யான ஆபத்தில் பழகிய கை, மெய்யான ஆபத்தில் பிழை செய்கிறது. மெய்யான ஆபத்தை என் கண்முன்னே, என் பொறுப்பில் ஒருமுறை கடந்துவிட்டால், பிறகு எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். நான் பொறுப்பில்லாமல் இதைச் செய்யவில்லை. குத்திக்கொண்டவருக்கு உடனே போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் என்னும் ஊசிமருந்தை முன்கூட்டியே வாங்கி, என் அறைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அந்த மருந்தை முதல் நாளே போட்டால் மிக நன்று. ஒரு வாரம் வரை பயன் உண்டு. அதற்குமேல் போட்டுப் பயனில்லை. யார் வந்து சொன்னாலும் அந்தக் கணமே போடுவது என்பது என் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு பலித்தும் இருக்கிறது. முந்தைய அணியில் அறிவழகன் என்பவனுக்கு இதேபோல் குத்தியது. அழுதுகொண்டே ஓடிவந்து சொன்னான். முன்னெச்சரிக்கை என்று மட்டும் சொல்லி ஊசி போட்டேன். விதிப்படி இரண்டு வாரம் கைகட்டி நின்றான். பள்ளிபாளையம் வாய்ப்பும் அவனுக்குப் போயிற்று. இன்று நலமாக இருக்கிறான். பண்டிகை தவறாமல் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்கிறான். முதலாமாண்டு மாணவியாக இருந்த கலைமணி, அவன் சுவரோரம் கைகட்டி நின்றதைத் தினமும் பார்த்தாள். அவனுக்குக் கிடைத்த மருந்தை அவள் பார்க்கவில்லை. இது என் ஏற்பாட்டில் இருந்த ஒரு குறை என்பதை இப்போது உணர்கிறேன்.

தடுப்பூசி பற்றிக் கேட்டீர்கள். சேரும்போதே எல்லாரும் மூன்று தவணை போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். கலைமணி முதல் தவணை மட்டுமே போட்டிருந்தாள். மற்றவை அவளுடைய தகப்பன் இறந்த சமயத்தில் தவறிப்போயின. எனக்குத் தெரியும். அவளுக்காக வகுப்பை மாற்றியிருக்கலாம். ஒருவருக்காக மாற்றினால் அது விதி ஆகாது.

செவ்வாய்க்கிழமை மாலை வரை என் அறையில் காத்திருந்தேன். அவள் வரவில்லை.

புதன்கிழமை, பாடத்திட்டத்தில் இல்லாதபோதும், ஹெப்பாட்டிட்டிஸ் பி எப்படிப் பரவுகிறது என்று ஒரு வகுப்பு எடுத்தேன். குத்திய ஊசி, மறைக்கும் பழக்கம், ஒரு வாரக் கெடு, எல்லாவற்றையும் சொன்னேன். கலைமணி முதல் வரிசையில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் குறிப்பெடுத்தாள். விரல் நுனியில் சிறு பிளாஸ்திரி இருந்தது. கேள்விகள் உண்டா என்றேன். அவள் கையை உயர்த்தினாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சாயம் மாதிரி பொருள்ல கிருமி இருக்காதுங்களே மேடம்?"

"எந்தப் பொருளாக இருந்தாலும் கிருமி இருப்பதாகவே கருத வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

"ஆமாங்க மேடம்" என்று சொல்லி, அதையும் எழுதிக்கொண்டாள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பிரபாகர் என் அறைக்கு வந்து கதவருகிலேயே நின்றார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கைக் குழாய்ல ஒரு வாடை அடிக்குதுங்க. சாயத்துக்கு அப்படி வராதுங்களே."

"ரப்பர் பழையது."

"பழசுதானுங்க. ஆனா மாதேசும் ரத்தம் கெட்டியா இருந்துச்சுன்னு சொல்றான்."

"மாதேஷ் சொல்வதை வைத்து நாம் ஆய்வகம் நடத்துவதில்லை" என்றேன். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிங்க மேடம்" என்று போய்விட்டார். அவருடைய பங்கு இவ்வளவுதான். பையைத் தொங்கவிட்டதும் நான், கழற்றியதும் நான், எரித்ததும் நான்.

வெள்ளிக்கிழமை பெயர் அறிவிக்கும் நாள். நான் நினைத்தது இது: அறிவிக்கும் நேரத்தில் அவளுடைய மனச்சாட்சி அவளை எழுப்பும், எனக்குத் தகுதியில்லை என்று எழுந்து சொல்வாள். அப்போது மருந்தும் கொடுத்திருப்பேன். அந்த ஒரே ஒரு முறை விதியைத் தளர்த்தி, இடத்தையும் அவளுக்கே கொடுத்திருப்பேன். ஆகவே அவள் பெயரையே அறிவித்தேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அவள் எழுந்து நின்று, நன்றி சொல்லி, உட்கார்ந்துகொண்டாள்.

அன்று பிற்பகல் அவளுடைய தாய் சின்னாயி வந்தார். ஊரில் மாரியம்மன் பண்டிகை. மகளை அழைத்துப்போக வேண்டுமாம். ஓர் அட்டை முட்டையை என் மேசையோரம் வைத்தார். நான் அன்பளிப்பு வாங்குவதில்லை என்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"பண்ணையில வாங்குனது இல்லீங்க சாமி, என்ற ஊட்டுக் கோழி போட்டது. வேண்டாம்னு சொல்லாதீங்க. புள்ள பேரு வந்துருச்சுன்னு இப்பத்தான் சொன்னா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றவர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டே, "இந்த வருசம் அம்மனுக்குப் பூவோடு எடுக்கிறாளுங்க. வேண்டுதல்" என்றார். நெருப்பு எரியும் சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றுவது அது. பிறகு மகளின் விரலில் பிளாஸ்திரியைக் கண்டார்.

"வெரல்ல என்ன சாமி?"

"கதவுல நசுங்கிருச்சும்மா."

"அடிப் பாவி, நெருப்புச் சட்டி தூக்கற கை. பாத்து இருக்க மாட்டயா? எப்ப நசுங்குச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. மேடம் முன்னால வந்து..."

கலைமணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குளிர்பதனப் பெட்டி எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அந்த அறையில்தான் நின்றிருந்தோம். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் உண்மையை அவளுக்குப் பதிலாக நான் சொல்லிவிட்டால், அவள் கற்றுக்கொள்வது என்ன? திங்கட்கிழமை காலை திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி விடுப்புக் கொடுத்தேன்.

"நீங்க பெத்த தாய்க்கு மேலீங்க" என்று சின்னாயி கும்பிட்டார். முட்டை அட்டையை எடுத்துக்கொள்ள மறந்து போய்விட்டார்.

சனியும் ஞாயிறும் எனக்கு உறக்கம் இல்லை. என்னைக் கல் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மனம் நிற்கவில்லை. பங்குத்தந்தையிடம் பாவத்தை அறிக்கையிட்டு ஒப்புரவு பெறப் போகலாமா என்று யோசித்தேன்; போகவில்லை. அவர் மன்னித்துவிடுவார். மன்னிப்பு, செய்தது சரியா தவறா என்பதைக் கூறாது.

திங்கட்கிழமை கலைமணி திரும்பினாள். முகத்தில் மஞ்சள் பூசியிருந்தாள். நெருப்புச் சட்டி ஏந்திய கைகள் சிவந்திருந்தன. தோழிகளுக்குப் பொரி கொடுத்தாள். அன்று அவள் என்னிடம் குத்தியதைச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சுதந்திர நாள். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம், அன்றும் சொல்லவில்லை. ஒரு வாரக் கெடு அத்துடன் முடிந்தது. வியாழக்கிழமை அவள் பெட்டியோடு பள்ளிபாளையம் போய்விட்டாள். அங்கிருந்து நற்சான்றுகள் வந்தன. கை சுத்தம், நேரம் தவறாமை, நோயாளிகளிடம் பணிவு, எல்லாவற்றிலும் முதல். நான் மகிழ்ந்தேன். ஊசி குத்திய எல்லாருக்கும் நோய் வருவதில்லை. வராமல் இருக்கலாம் என்று தினமும் செபித்தேன்.

நவம்பர் தொடக்கத்தில் அவளுக்குப் பசி நின்றது. பிறகு கண் மஞ்சளானது. இந்த நோய் கண்ட பெரியவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். நூற்றில் ஒருவருக்கு மட்டும் ஈரல் முழுவதும் சில நாட்களில் அழிந்துவிடும். அவள் அந்த ஒருத்தி. சேலத்தில் பெரிய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் சின்னாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார்.

"அந்தப் பள்ளிபாளையத்துல எவனோ ஊசிய ஒழுங்கா வெக்காம விட்டுட்டானுங்க சாமி. புள்ளைக்கு அங்கதான் ஒட்டிக்கிச்சாம். உங்ககிட்டயே இருந்திருந்தா இது வந்திருக்குமுங்களா?"

நான் உள்ளே போனேன். கலைமணிக்கு அப்போது நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. என்னை அடையாளம் கண்டு, எழுந்து உட்கார முயன்றாள். ஒரு செய்தியைச் சொன்னாள். அதை உரிய இடத்தில் எழுதுகிறேன். இரண்டாம் நாள் இறந்தாள்.

அதன்பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். பள்ளிபாளையத்தில் அவளுக்கு ஊசி குத்தியதாக யாரும் சொல்லவில்லை. அங்கே அவளோடு வேலை பார்த்த ஓர் இளைஞரைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார்கள். மாதேஷ் அதைக் கேள்விப்பட்டு, உங்களிடம் வந்து ரப்பர் கையைப் பற்றிச் சொன்னான். "எங்க கிளாஸ்லதான் அவளுக்குக் குத்துச்சு. எங்கிட்ட மட்டும் காட்டுனா. சாயந்தானேன்னு சொல்லி நாந்தாங்க சிரிச்சேன்" என்று அவன் அழுததை அந்தப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். பொத்தான் இல்லாத அங்கியோடு சுற்றுகிற அவனுக்கு இருந்த நேர்மை மற்றவர்களுக்கு இருந்திருக்கலாம். அவன்மீது குற்றம் இல்லை. பள்ளிபாளையத்து இளைஞர்மீது குற்றம் இல்லை. அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லுங்கள். பிரபாகர்மீது குற்றம் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். என் வாக்கியங்களை எனக்காக இன்னொருவர் மாற்றி எழுதுவதை நான் விரும்பவில்லை.

எழுதி முடித்ததை இருமுறை வாசித்தேன். எழுத்துப்பிழை இல்லை. பொருட்பிழை ஒன்று இருக்கிறது. பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, கலைமணி என்னிடம் குத்தியதைச் சொல்லவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியம் பொய் அல்ல. ஆனால் அது முழுமையும் அல்ல. கையெழுத்து இடுமுன் முழுமையாக்குகிறேன்.

அன்று மாலை, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். தனியாக வந்தாள். மேலங்கி அணியவில்லை, ஈரத்தலையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லோணுங்க. பண்டிகைக்குப் போனதுல இருந்து மனசே செரியில்லீங்க. போன செவ்வாக்கெழம நான் ஒரு தப்புப்..."

நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். அலுவல் நேரம் முடிந்துவிட்டது என்றேன். முதல்வரிடம் பேச வருபவர் மேலங்கியோடு வர வேண்டும் என்று தெரியாதா என்றேன். நாளை விடுமுறை, புதன்கிழமை காலை அலுவல் நேரத்தில், பிரபாகர் வழியாக வா என்றேன்.

"இப்பவே சொல்லிப்போடறேனுங்க மேடம். ஒரே நிமிசம்."

"புதன்கிழமை" என்றேன்.

பிறகு, "சரிங்க மேடம், வாரேனுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு விடுதிப் பக்கம் போனாள். புதன்கிழமை அவள் வரவில்லை. துணிவு ஒருமுறைதான் வரும் போலும்.

மருத்துவமனையில் அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "அன்னைக்குத் திங்கக்கெழம நான் சொல்ல வந்தேனுங்க மேடம். நீங்க புதங்கெழம வரச் சொன்னீங்க. நான் பயந்துட்டு வராமப் போயிட்டேன். என் தப்புதானுங்க." நான் அவள் நெற்றியைத் தொட்டு, பரவாயில்லை, மன்னித்துவிட்டேன் என்றேன்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியும். கெடு மறுநாளோடு முடிகிறது என்பது தெரியும். சொல்லி முடித்துவிட்டால் மருந்து போட வேண்டியிருக்கும் என்பதும், ஆறு நாள் மறைத்துத் தாயிடமும் பொய் சொன்னவள், முதல் நாளே ஓடிவந்த அறிவழகனும் பெற்ற அதே மருந்தைப் பெற்றுக்கொண்டு, பெயரை ஏற்கெனவே அறிவித்துவிட்டதால் அவன் இழந்த இடத்தையும் தக்கவைத்துக்கொள்வாள் என்பதும் தெரியும். அவள் விடுதிப் படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குளிர்பதனப் பெட்டியின் சாவி என் கையில் இருந்தது. அப்போது நான் முடிவு செய்தேன்: அந்த மருந்தை அவளுக்குப் போடுவதில்லை.